ஏவுகணைக்குள் ஓர் இசைக்கவை

2006ல் போயிங் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 1.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அது விற்றது குண்டுகளை அல்ல, பயணிகள் விமானங்களை. வம்பு, அவற்றின் காக்பிட்டுக்குள் இருந்த க்யூஆர்எஸ்-11 என்ற சின்ன சென்சாரால் வந்தது. முதன்மைக் கருவிகள் செயலிழந்தால், விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று விமானிக்குக் காட்டும் மாற்றுக் கருவியின் உறுப்பு அது. அதே சென்சார் மேவரிக் ஏவுகணையிலும் இருந்தது. ஆகவே அன்றைய சட்டத்தின் கண்ணில் அது ராணுவப் பொருள். சீனா போன்ற நாடுகளுக்கு அனுப்பத் தனி உரிமம் வேண்டியிருந்தது. போயிங் அதைப் பெறவில்லை.

1944ல் லண்டன் மேல் விழுந்த வி-2 ஏவுகணைகளைத் திசை மாறாமல் பிடித்து வைத்தவை ஜைரோஸ்கோப்புகள்: வேகமாகச் சுழலும் சக்கரம், அதற்கு மோட்டார், பேரிங். நுட்பமான கைவேலை. அதைச் செய்யத் தெரிந்த தொழிற்சாலைகளும் குறைவு.

க்யூஆர்எஸ்-11 அந்தச் சக்கரத்தையே தூக்கி எறிந்தது. பள்ளி ஆய்வகத்தில் தட்டிப் பார்த்த இசைக்கவை ஞாபகம் இருக்கிறதா? அதே வடிவத்தைக் குவார்ட்ஸில் செதுக்கி, விடாமல் அதிர வைக்கிறார்கள். கருவி திரும்பும்போது கோரியோலிஸ் விசை அந்தக் கிளைகளைப் பக்கவாட்டில் தள்ளும். குவார்ட்ஸ் வளைந்தால் மின்னழுத்தம் பிறக்கும். அதை அளந்தால் திரும்பும் வேகம் கிடைத்துவிடும். தேய்வதற்கு எதுவுமில்லை.

இதற்கிடையே சிலிக்கானும் இந்த வேலைக்கு வந்துவிட்டது. 1991ல் அனலாக் டிவைசஸ் காரின் ஏர்பேகுக்காக ஏடிஎக்ஸ்எல்-50 என்ற முடுக்கமானி சிப்பை அறிமுகப்படுத்தியது. 2010ல் ஐபோன் 4க்குள் ஜைரோஸ்கோப்பே வந்தது. கோடிக்கணக்கில் தயாரானதும் விலை சரிந்தது. ஆயுதத்திலிருந்து வீட்டுக்கு வந்த நுட்பம், மலிந்த பிறகு வீட்டிலிருந்து ஆயுதத்துக்குத் திரும்பியது. உக்ரைன் போரில் கையெறி குண்டு போடும் கடைச்சரக்கு ட்ரோன்களைக் காற்றில் நிலையாக நிறுத்துவது இந்த மாதிரி சென்சார்கள்தான்.

2004ல் அமெரிக்கா க்யூஆர்எஸ்-11 விதியைத் தளர்த்தியது. பயணிகள் விமானத்தின் மாற்றுக் கருவிக்குள் பொருத்தப்பட்டிருந்தால் அது வணிகப் பொருள். தனியாக இருந்தால் ராணுவப் பொருள் என்றது அன்றைய விதி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உதிரிபாகத்தை மட்டும் பார்த்து ஆயுதம் எது என்று சொல்ல முடியாது என்பதை சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

சென்சார் தருவது வெறும் எண். அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. அதை எழுதுவது என்னைப் போன்றவர்கள். "நான் கோடு மட்டும்தான் எழுதினேன்" என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.