அரைப்பேர்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக துரை கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் வேண்டும். இன்ன கங்காணியின் ஆட்கள், இவ்வளவு ரூபாய் கடன், கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதியிருக்கும். கொழுந்து நன்றாகப் பறிப்பாளா, கவ்வாத்து வெட்டத் தெரியுமா என்ற பேச்சே அதில் கிடையாது. புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் ஒழியாது, புதிய தோட்டத்துப் பேரேட்டில் அதே ஆட்களின் தலையில் ஏறும். எந்தத் தோட்டம் கூடுதலாகத் தரும் என்று பெரிய கங்காணிகள் துண்டோடு அலைந்தார்கள். கை மாறக் கை மாறத் தொகை ஏறியது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க முடிந்தது.

புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே இதை அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அது தன் அப்பா காலத்துக் கதை. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. யாரையும் கேட்டுச் செய்த கணக்கல்ல. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. அதுதான் பிறகு டேன்டீ என்ற அரசுக் கழகம் ஆனது. எங்கள் குடும்பம் வந்து சேர்ந்தது அதன் சேரங்கோடு தோட்டத்துக்கு.

அப்பாயிக்குத் துண்டைவிட அதிகக் கோபம் அரைப்பேர் மீது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் விழும். ஆனால் அது முழுப்பேரா அரைப்பேரா என்பது கொழுந்து நிறுத்த பிறகுதான் தெரியும். சொன்ன கிலோ வரவில்லையென்றால் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர் போடுவார், பாதிச் சம்பளம். சாக்குக்கு ஒரு கழிவு, இலையின் ஈரத்துக்கு ஒரு கழிவு என்று தராசிலேயே கொஞ்சம் போய்விடும். அன்றைக்குக் கொடுத்த மலை செங்குத்தா, கொழுந்து இல்லாத வறண்ட மாதமா, வயிற்றில் பிள்ளையோடு ஏறினாளா என்றெழுத செக்ரோலில் கட்டம் இல்லை. ஒரு முறை அப்பாயி நிறுக்கிற இடத்திலேயே கணக்கப்பிள்ளையை மறித்துக்கொண்டு, அவர் வம்சத்தையே இழுத்துப் பேசி, முழுப்பேராக மாற்ற வைத்தாராம். எவ்வளவு உண்மையோ. ஆனால் மறிப்பதற்கு எதிரே ஓர் ஆள் நின்றார்.

கடனால் ஆளைக் கட்டிப்போடுவது நீலகிரிக்கும் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனவரை 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டப்படி சிறைக்கே அனுப்பலாம். 1926 வரை அது உயிரோடு இருந்தது.

என் அண்ணன் மகன் கொழுந்துப் பக்கம் போகவில்லை. கோயம்புத்தூரில் செயலி வழியாகக் கார் ஓட்டுகிறான். ஊட்டி சவாரி நிறைய வரும். 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கல்லாறு சோதனைச்சாவடியில் வரிசை நிற்கும், பையைத் திறந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவார்கள். பாட்டிலைப் பிடுங்கியது அரசாங்கம், பயணி செயலியில் போடும் நட்சத்திரம் குறைவது இவனுக்கு. ஏற்றத்தில் ஏசியை நிறுத்தினால் ஒன்று குறையும். கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். கோத்தகிரி வழியில் இறங்கினால், சுற்றி ஓட்டிக் காசு பிடுங்குகிறான் என்று ஒரு நட்சத்திரம். போகட்டும், கோபக்காரர்கள். நல்ல மனசுக்காரர்களும் கெடுக்கிறார்கள். ‘நன்றாக ஓட்டினான்’ என்று திருப்தியாக நாலு போடுகிறார்கள். 4.8 வைத்திருப்பவனுக்கு நாலு என்பது இறக்கம். “பாராட்டிட்டுப் போறாங்க அத்தை, எனக்கு சவாரி குறையுது” என்கிறான்.

நட்சத்திரம் போடும் இந்த வழக்கம் இணையச் சந்தையிலிருந்து வந்தது. ஈபே ஏலத்தளம் 1996இல் விற்பவரையும் வாங்குபவரையும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதச் சொன்னது. அங்கே அடுத்து வாங்க வருபவர் அதைப் படித்துப் பார்த்து முடிவு செய்தார். வாடகைக் காரில் அடுத்த பயணி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. யார் வருவார் என்பதைச் செயலியே முடிவு செய்து அனுப்புகிறது. ஆகவே பயணி போடும் நட்சத்திரம் இன்னொரு பயணிக்குப் போகிற தகவல் என்பதைவிட, கம்பெனிக்காகச் சம்பளமில்லாமல் பார்க்கிற கணக்கப்பிள்ளை வேலை. தான் எழுதியது அரைப்பேர் என்று பயணிக்கே தெரியாது. இவனுக்கோ யார் எழுதினார், எந்தச் சவாரிக்கு என்பது தெரியாது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அதற்காகப் பழைய டாக்ஸி ஸ்டாண்டு காலத்தைக் கும்பிட மாட்டேன். முகம் பார்த்து விலை சொன்னார்கள், விடுதிப் பையன்களுக்குக் கமிஷன் போனது. இருட்டிய பிறகு பர்லியாறு வளைவுகளில் தனியாக வரும் பெண்ணுக்கு, ஓட்டுபவரைப் பற்றிப் புகார் சொல்ல ஓர் இடம் இருப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அவளுடைய புகாரும் ஏசி பற்றிய முனகலும் ஒரே சராசரியில் கரைந்துபோனால் அவளுக்கும் நியாயம் கிடைக்காது.

கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டம், இப்படிச் செயலி வழி வேலை செய்பவரை நீக்க 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் கேட்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையவழித் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தார்கள். அதில் பதிவு செய்யச் சொல்லி இவனை விரட்டிக்கொண்டிருக்கிறேன். நலவாரியம் நட்சத்திரத்தைக் குறைக்குமா கூட்டுமா என்று கேட்கிறான். அவனுக்கு வேண்டியது பெரிய சட்டம்கூட இல்லை: கலெக்டர் ஒருவழிப்பாதை அறிவித்த நாட்களில் விழும் நட்சத்திரங்களைச் சராசரியில் சேர்க்கக் கூடாது.