உரைமருந்து: ஒரு வீட்டு வழக்கத்தின் வரலாறு

கைக்குழந்தைகளுக்கு மருந்துச் சரக்குகளைக் கல்லில் இழைத்துப் புகட்டுவதே உரைமருந்து. ஐப்பசி அடைமழை தொடங்கி மார்கழி, தைப் பனி விலகும் வரை சளியும் இருமலும் குழந்தைகளை வாட்டும். அந்த மாதங்களில் தமிழ்நாட்டு வீடுகள் பல தலைமுறைகளாக இதையே நம்பியிருந்தன. சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் ஆகியவை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தன. சித்தரத்தை, அதிமதுரம், பெருங்காயம் போன்றவை ஊருக்கு ஊர் கூடும், குறையும்.

வாங்கி வந்த சரக்கை அப்படியே இழைப்பதில்லை. துணியில் முடிந்து, கொதிக்கும் சோற்றுப் பானையில் போட்டு வேகவைத்து, வெயிலில் நன்கு உலர்த்துவார்கள். சுக்கின் மேல்தோலைச் சீவுவார்கள். கடுக்காயின் கொட்டையை நீக்குவார்கள். வசம்பை விளக்குச் சுடரில் கருக்குவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு, தாய்ப்பாலோ வெந்நீரோ சில துளி விட்டு, ஒவ்வொன்றையும் கல்லில் ஓரிரு சுற்று இழைத்து, வழித்துச் சங்கில் புகட்டுவார்கள். நிறுவை ஏதும் கிடையாது, சுற்றுதான் அளவு. பிள்ளையின் மாதத்துக்கும் உடல்வாகுக்கும் எத்தனை சுற்று என்பது பாட்டிமார் கையோடு வந்த அறிவு. இந்த வழக்கத்தின் உயிர் சரக்கில் இருந்ததைவிட இந்த அளவில்தான் இருந்தது.

அஞ்சறைப் பெட்டி அளவுகூட இல்லாத இந்த மருந்துப் பையின் பின்னே பெரிய கடல் வணிகம் இருந்தது. கடுக்காய் உள்ளூர் மலைக்காடுகளில் கிடைத்தது. சுக்கு மலையாளக் கரையிலிருந்து வந்தது. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளின் சரக்கு. மாசிக்காய் உண்மையில் காயே அல்ல. மேற்காசியாவின் ஒருவகை ஓக் மரக்கிளையில் சிறு குளவி முட்டையிடுவதால் திரளும் முடிச்சு. ஜாதிக்காயின் கதை கொடியது. நெடுங்காலம் அது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தது. அந்த வணிகத்தைத் தன் பிடிக்குள் வைக்க, 1621-ல் டச்சுக் கம்பெனி தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் விரட்டியும் தீர்த்தது. பின்னாளில் ஆங்கிலக் கம்பெனி ஜாதிக்காய்க் கன்றுகளைப் பிற இடங்களுக்குக் கொண்டுபோயிற்று. குற்றாலத்திலும் அவை நடப்பட்டன.

சித்த மருத்துவம் குழந்தை நோய்களைத் தனியே வகுத்து, மாந்தம், கணம் முதலியவற்றுக்குப் பாலவாகடம் என்ற பிரிவில் மருந்து சொல்கிறது. ஏட்டு மருத்துவமும் அடுக்களை வழக்கமும் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டே வளர்ந்தவை. சென்னை மாகாண அரசு 1921-ல் அமைத்த உஸ்மான் குழு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923-ல் அறிக்கை அளித்தது. 1964-ல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இழைத்துக் கொடுத்த அதே சரக்குகள் உரை மாத்திரை என்ற பெயரில் அளவிட்ட மருந்தாகவும் வந்தன.

வீட்டில் வழக்கம் தேய்ந்தது. கூட்டுக் குடும்பம் கலைந்தபோது சுற்றுக் கணக்கு அறிந்த கை இல்லாமல் போனது. நாட்டு மருந்துக் கடைப் பொடி அந்த இடத்துக்கு வந்தது. ஒரு சுற்றில் வரும் விழுது எங்கே, ஒரு சிட்டிகைப் பொடி எங்கே! வசம்பில் உள்ள ஆசரோன் என்னும் வேதிப்பொருள் நச்சுத்தன்மை உடையது என்று கண்டு, அமெரிக்கா 1968-ல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஜாதிக்காயும் அளவு மீறினால் நஞ்சு. உரைமருந்தோடு சேர்ந்து நடந்த மற்றொரு பழக்கம், எண்ணெய்க் குளியலின்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா கண்ட குழந்தைகளைத் தென்னிந்திய மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். இந்த எண்ணெய்ப் பழக்கத்தைக் கைவிட்டதில் வருந்த ஒன்றுமில்லை.

முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெரும்பாலும் தானே தணியும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எந்த வீட்டு மருந்துக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.