மாணவர் கல்வி உதவி (உயர்கல்வி, தமிழகம்)

உயர்கல்வி பயில்வோரின் உணவு, உறைவிடம், கட்டணம், நூல் முதலிய செலவுகளை முழுமையாகவோ பகுதியாகவோ பிறர் ஏற்கும் ஏற்பாடு. ஏற்பவர் அரசாகவோ கோயிலாகவோ மடம், அறக்கட்டளை, சமுதாயச் சங்கம், வங்கியாகவோ இருக்கலாம். இன்று வழங்கும் உதவிகளை நான்காக வகுக்கலாம்: (1) திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை; (2) கட்டண விலக்கும் கட்டணச் சலுகையும்; (3) இலவச விடுதியும் உணவும்; (4) கல்விக் கடனும் அதற்கான வட்டி மானியமும். இவற்றில் மிகப் பழையது மூன்றாவது. தமிழகக் கல்வெட்டுகளில் முதலில் தென்படுவது மாணவனுக்கு அளந்த நெல்லே. கட்டணம் என்ற பேச்சு மிகப் பிந்தியது.

கொடும்பாளூர் மடக்கொடை

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கு அருகே, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி உள்ள கொடும்பாளூர், இருக்குவேளிரின் தலைநகர். சோழருக்குத் துணைநின்ற இக்குடியின் பூதி விக்கிரமகேசரி இங்கு மூவர் கோயிலை எழுப்பினான். தன் பெயரிலும் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரிலும் அமைத்த மூன்று கருவறைகளில் நடுக்கோயிலும் தென்கோயிலும் நிற்கின்றன. வடகோயிலின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது.

அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒரு மடக்கொடையைக் குறிக்கிறது. ஆத்திரேய கோத்திரத்தவரும் மதுரையைச் சேர்ந்தவருமான மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் (சைவத்தின் ஒரு பிரிவு) துறவிக்கு விக்கிரமகேசரி பெரிய மடம் ஒன்றை அளித்தான். வித்தியாராசி, தபோராசி என்னும் இரு ஆசிரியரிடம் பயின்றவர் இவர். காளாமுகத் தவசியர் ஐம்பதின்மர்க்கு உணவளிக்கப் பதினொரு ஊர்கள் மடத்துக்கு விடப்பட்டன.

இக்கொடையைக் கல்வி உதவியாகக் கொள்ளலாமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கல்வெட்டு சொல்வது தவசியரை, மாணவரை அன்று. ஆயினும் காளாமுக மடங்கள் பிற இடங்களில் இலக்கணமும் தருக்கமும் கற்பித்த நிலையங்களாக விளங்கியதாலும், மல்லிகார்ச்சுனரின் குருமரபு சிறப்பாகச் சுட்டப்படுவதாலும், கற்போரைப் பேணிய கொடைகளின் வரிசையில் இதையும் வைப்பது வழக்கமாகியுள்ளது.

காலமும் தீர்ந்த முடிவன்று. விக்கிரமகேசரி பல்லவப் படையைக் காவிரிக்கரையில் வென்றான் என்ற செய்தியைக் கொண்டு முதலாம் ஆதித்த சோழன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சிலர் கூறுவர். வீரபாண்டியனை வென்றான் என்ற செய்தியைக் கொண்டு சுந்தர சோழன் காலமாகிய 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை வேறு சிலர் கூறுவர். கோயிலின் சிற்ப அமைதியை இரு தரப்பினரும் தத்தம் கருத்துக்குச் சான்றாகக் காட்டுகின்றனர்.

சாலைகளும் கோயிற் கல்லூரிகளும் (9–12ஆம் நூற்றாண்டு)

இக்காலப் பதிவுகளே மிக விரிவானவை. பல்லவன் நிருபதுங்கன் ஆட்சியில் புதுச்சேரியை அடுத்த பாகூரின் வித்தியாஸ்தானத்துக்கு (கல்வி நிலையம்) மூன்று ஊர்கள் கொடையாயின. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையில் 95 மாணவர்க்கு இடம் இருந்தது. செப்பேடு அவர்களைச் சட்டர் என அழைக்கிறது. வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14 என இடங்களைப் பங்கிடுகிறது. சேர்வோர்க்கு முன்தகுதியும், தங்கியிருப்போர்க்கு நடத்தை விதிகளும், மீறினால் தண்டமும் உண்டு. தகுதி, இடஒதுக்கீடு, ஒழுங்குவிதி ஆகிய மூன்றும் ஒரே ஆவணத்தில் எழுதப்பட்டிருப்பது கருதத்தக்கது. இச்சாலை முன்மாதிரியாகக் கொண்ட காந்தளூர்ச் சாலை கல்விச்சாலையா படைப்பயிற்சிக் களமா என்பது இன்றும் விவாதத்தில் உள்ளது.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியின் வரவு செலவுத் திட்டம் போலவே அமைந்தது. அப்போது இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட அவ்வூரின் சபை, 45 வேலி நிலத்தின் வருவாயை இதற்கென ஒதுக்கியது. இளநிலையில் 270 பேர்: இருக்கு வேதம் 75, யசுர் வேதம் 75, வாசசனேயம் 20, சாந்தோக சாமம் 20, தலவகார சாமம் 20, அதர்வம் 10, போதாயனச் சூத்திரம் 10, ரூபாவதார இலக்கணம் 40. முதுநிலையில் 70 பேர்: வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10.

இளநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். முதுநிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. அதோடு ஆண்டுக்கு அரைக் கழஞ்சு பொன். ஆக, மாணவர்க்கு மட்டும் ஒரு நாளைக்கு 24 கலம் 2 குறுணி நெல் அளக்கப்பட வேண்டியிருந்தது. மேற்படிப்புக்கு மிகுதியான படி என்ற இன்றைய முறை அன்றே இருந்தது. நாள்தோறும் அளந்தமையால் மாணவனின் அடுத்த வேளைச் சோறு ஓர் ஆண்டிறுதிக் கணக்குக்காகக் காத்திருக்க நேரவில்லை.

முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048இல், புதுச்சேரிப் பகுதியின் திருபுவனையில் 190 இளநிலை மாணவர்க்கும் 70 முதுநிலை மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் இதே போன்ற ஏற்பாடு செய்யப்பட்டது.

பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திரனின் கல்வெட்டு (ஏறத்தாழ 1067) இவ்வகை ஆவணங்களில் மிக நுணுக்கமானது. கோயில் மண்டபத்துப் பள்ளிக்கு விடுதி இருந்தது. மாணவர் உண்ண அரிசியும் கறியும் மட்டுமல்லாமல், படுக்கப் பாயும், இரவில் எரிக்க விளக்கெண்ணெயும், சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும் கணக்கிட்டுத் தரப்பட்டன. ஆண்டுக்கு எத்தனை சனிக்கிழமை என்பதையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். வீட்டில் தாய் கவனிப்பதை விடுதியில் யார் கவனிப்பார் என்று யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்ததன் தடயம் இது. பக்கத்திலேயே வீரசோழன் என்ற பெயருடைய ஆதுலசாலை (மருத்துவமனை) 15 படுக்கையோடு இயங்கியது. நோயுற்ற மாணவர்க்கு அங்கே மருத்துவம் கிடைத்தது.

விக்கிரம சோழன் காலத்தில், 1121இல், திருவாவடுதுறையில் அட்டாங்க இருதயம், சரக சங்கிதை ஆகிய மருத்துவ நூல்களும் ரூபாவதாரமும் பயில்வோர்க்குச் சோறிடும் சாலை இருந்தது. மருத்துவ மாணவர்க்கான உதவி பற்றிய தமிழகத்துப் பழைய செய்திகளில் இதுவும் ஒன்று.

இக்கொடைகளின் எல்லையையும் சொல்ல வேண்டும். எண்ணாயிரம், திருபுவனை போன்ற இடங்களில் பயன் பெற்றோர் வேதம் ஓதும் உரிமை பெற்றிருந்த அந்தண இளைஞரே. நிலத்தை உழுது அந்த நெல்லை விளைவித்தோரின் பிள்ளைகளுக்கு அந்த இடங்கள் திறக்கப்படவில்லை. பெண்களுக்கும் இல்லை.

இடைக்காலமும் சத்திரங்களும்

அடுத்த சில நூற்றாண்டுகளில் திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற சைவ மடங்கள் தமிழ் கற்க வந்தோர்க்கு உணவும் தங்கலும் அளித்தன. தஞ்சை மராட்டியரின் சத்திரங்களுள் இரண்டாம் சரபோசி அமைத்த ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரத்தில் மாணவர்க்குச் சாப்பாட்டுடன் கல்வியும் கிடைத்தது. ஊர்ப்புறங்களில் ஏழை அந்தண மாணவர் நாளுக்கொரு வீட்டில் உண்ணும் வாரச் சாப்பாட்டு முறை 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

ஆங்கிலேயர் ஆட்சியும் புதுக்கோட்டைச் சமஸ்தானமும்

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் கல்லூரிப் படிப்பு கட்டணத்தோடும் தேர்வு மதிப்பெண்ணோடும் பிணைந்தது. ஸ்காலர்ஷிப் என்பது தேர்ச்சிக்கான பரிசாயிற்று, தவறினால் பறிபோயிற்று. கணிதமேதை இராமானுசன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை, ஆங்கிலப் பாடத்தில் தேறாததால் இழந்தார். அதே இராமானுசனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல், பட்டம் இல்லாதபோதும், மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. அந்த விதிவிலக்கின் பயனை உலகம் அறியும்.

கொடும்பாளூர் அப்போது தொண்டைமான்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் இருந்தது. 1886 முதல் 1928 வரை ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், பெற்றோர் சிலரின் எதிர்ப்பை மீறி, ஆண்கள் மட்டும் பயின்ற மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்க ஆணையிட்டார்; உதவித்தொகையும் அளித்தார் என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். முத்துலட்சுமி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என நாடறிந்தவர் அவரே. சமஸ்தானம் 1948 மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது.

சமுதாய அமைப்புகளின் பங்கும் இக்காலத்துக்குரியது. விருதுநகரில் வீடுதோறும் சேர்த்த பிடியரிசி ஒரு பள்ளியை நடத்தியது. காமராசர் அங்கே பயின்றார். 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் கல்லூரி மாணவர்க்குத் திருப்பித் தரும் நிபந்தனையோடு தொகை அளித்தது. வேலை கிடைத்தவர் திருப்பிக் கட்டிய பணம் அடுத்த மாணவனுக்குப் போயிற்று. 1920இல் சென்னை மாகாணத்தில் ஏற்பட்ட தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு விடுதிகளையும் உதவித்தொகையையும் கொண்டுவந்தது.

விடுதலைக்குப் பின்

1944இல் பட்டியல் சாதி மாணவர்க்கெனத் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, இந்திய அளவில் இன்றும் தொடரும் மிகப் பழைய உயர்கல்வி உதவித் திட்டங்களில் ஒன்று. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது தொடங்கிய முயற்சி இது. பின்னர் பழங்குடியினர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் விரிந்தது. பட்டியல் சாதியினர்க்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். கட்டணத்தோடு பராமரிப்புப் படியும் தரப்படும். கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர் மத்தியத் திட்டத்தில் அடங்காமையால், அவர்களுக்கான செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. 2012இன் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டாயக் கட்டணங்களை ஈடுசெய்ய வழிசெய்தது. இந்த ஆணையால் கூலித் தொழிலாளர் வீடுகளிலிருந்து பலர் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தனர். தொகை தாமதமாக வரும்போது கல்லூரிகள் மாணவரிடமே கட்டணத்தைக் கேட்பது நெடுநாளாகத் தீராத குறை.

2010–11 கல்வியாண்டில் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால், சாதியோ வருமானமோ பாராமல், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும். பொறியியலில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. இதற்கான சான்றிதழை வருவாய்த் துறை வழங்குகிறது. அக்காளோ அண்ணனோ முன்பே பட்டம் பெற்றிருந்தால் அடுத்த பிள்ளைக்குச் சலுகை இல்லை. இது சரியா என்ற கேள்விக்கு இருபுறமும் வாதங்கள் உள்ளன.

கல்விக் கடன் 2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தால் ஒழுங்குபட்டது. நான்கு லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை என்பது அதன் முக்கிய விதி. 2009–10 முதல் பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்டோர்க்கு, படிப்புக் காலத்துக்கும் அதையடுத்த அவகாசத்துக்கும் உரிய வட்டியை மத்திய அரசு ஏற்றது. கடன் வாங்கியோரில் தமிழ்நாட்டு மாணவர் நெடுங்காலம் முன்வரிசையில் இருந்தனர். இது கல்வி வேட்கையின் அளவா, சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தின் அளவா என்பதில் பொருளியலாளர் வேறுபடுகின்றனர்.

அண்மைக் காலம்

2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் சட்டமாயிற்று. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. இவ்வழியில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே செலுத்துகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண் திட்டமாக நடைபெறுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்ந்த மாணவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தப்படும். மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் கோவையில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோரும் இவற்றில் சேர்க்கப்பட்டனர். நலத்துறை விடுதிகளில் கல்லூரி மாணவரின் மாத உணவுப் படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. 2025இல் அவ்விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் சூட்டப்பட்டது. மத்திய அரசு 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி கடன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் ஒவ்வொரு புதிய உதவியும், முந்தைய பட்டியலில் விடுபட்டவரை நோக்கியே எழுந்துள்ளது: 1944இல் ஒடுக்கப்பட்டோர், 2010இல் பட்டதாரி இல்லாக் குடும்பத்தின் முதல் பிள்ளை, 2022இல் அரசுப் பள்ளிப் பெண், 2024இல் அரசுப் பள்ளி ஆண். தொலைநிலைக் கல்வியில் பயில்வோர் மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களுக்கு வெளியே உள்ளனர். பகலில் வேலைக்குப் போய் இரவில் படிக்கும் ஏழைகள் பலர் அவர்களில் உண்டு. அடுத்த விரிவு அவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.