போக்கரில் கைமுதல் பேணல்

போக்கரைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர் ஆட்டத்துக்கென்று தனியே ஒதுக்கும் பணம் கைமுதல். ஆட்டக்காரர் வட்டாரத்தில் இதற்கு 'பேங்க்ரோல்' என்று பெயர். எந்த மேசையில் உட்காருவது, அதில் எவ்வளவு வைப்பது, எப்போது சிறிய மேசைக்கு இறங்குவது என்பதை இந்தத் தொகையைக் கொண்டு முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வதே கைமுதல் பேணல். வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கான பணம் இதில் சேராது. முழுவதும் போனாலும் குடும்பம் ஆட்டம் காணாத தொகைக்கே கைமுதல் என்ற பெயர் பொருந்தும். இது வெறும் வரவு செலவுக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மனம் நிலையாக இருப்பதும் உத்தி பிசகாமல் இருப்பதும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

ஏன் தேவைப்படுகிறது

சதுரங்கத்தில் வல்லவர் பெரும்பாலும் அன்றைக்கே வெல்கிறார். போக்கரில் திறமை மிக மெதுவாகத்தான் வெளிப்படும். பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. மேசை நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு. கையில் ஏஸ் ஜோடி கிடைப்பது 221 முறைக்கு ஒரு முறை. அதை வைத்துக்கொண்டு எதிராளியின் ராஜா ஜோடிக்கு எதிராகப் பொதுச் சீட்டு விழுமுன்பே முழுப் பணத்தையும் வைத்தாலும், வெல்லும் வாய்ப்பு சுமார் 82 விழுக்காடுதான். இதைவிடச் சரியான முடிவு இல்லை. ஆனாலும் ஐந்தாறு முறைக்கு ஒரு முறை பணம் போகும்.

ஒரு முறை சீட்டுப் போட்டு முடிவதை ஒரு 'கை' என்பார்கள். வருமானத்தை நூறு கைக்கு இத்தனை 'பெரிய பிளைண்ட்' என்று அளப்பது வழக்கம். பெரிய பிளைண்ட் என்பது ஒவ்வொரு கையிலும் ஆட்டக்காரர் ஒருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயத்தின் அளவு. நூறு கைக்கு 5 பெரிய பிளைண்ட் ஈட்டுபவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே நூறு கையில் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 100 பெரிய பிளைண்ட்வரை இருக்கக்கூடும். அந்த அளவில் கணக்குப் போட்டால், 10,000 கை ஆடிய பிறகும் அவர் நட்டத்தில் நிற்கும் வாய்ப்பு சுமார் 31 விழுக்காடு. 1,00,000 கைக்குப் பிறகும் ஏறத்தாழ 6 விழுக்காடு. நேரடி மேசையில் மணிக்கு 25 முதல் 30 கைதான் ஓடும். ஆகவே 10,000 கை என்பது நாள்தோறும் எட்டு மணி நேரம் வீதம் ஒன்றரை மாத உழைப்பு. அவ்வளவு உழைத்தும் மூன்றில் ஒருவருக்குக் கையைக் கடிக்கும் என்பதை இந்தத் தொழிலை நினைப்பவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முழுக் கைமுதலும் அழியும் வாய்ப்பையும் இதே எண்களிலிருந்து கணிக்கலாம். மேசையில் உட்காரும்போது வாங்கும் தொகை 'பை-இன்'. பொதுவாக 100 பெரிய பிளைண்ட். மேலே சொன்ன ஆட்டக்காரரிடம் 20 பை-இன் இருந்தால், என்றாவது ஒரு நாள் அது பூச்சியமாகும் வாய்ப்பு 13 அல்லது 14 விழுக்காடு. 40 பை-இன் இருந்தால் 2 விழுக்காட்டுக்கும் கீழ். அவருடைய வருமானம் பாதியாகக் குறைந்தால் அதே 20 பை-இன் அழியும் வாய்ப்பு 37 விழுக்காடாக ஏறிவிடும். நீண்ட கால நோக்கில் தோற்பவராக இருந்தாலோ எவ்வளவு பெரிய கைமுதலும் காப்பாற்றாது; கரைய எடுக்கும் காலம்தான் கூடும். ஒரு கையில் மேசை நடுவில் சேரும் பந்தயப் பணத்துக்கு 'பாட்' என்று பெயர்; அதிலிருந்து சூதாட்ட விடுதி 'ரேக்' என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எனவே மேசையில் இருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கூட்டுத்தொகை எப்போதும் நட்டமே.

ஃபெர்குசனின் விதிகள்

2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற கிறிஸ் ஃபெர்குசன், கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2006இல் அவர் இணையத்தில் ஒரு பரிசோதனையில் இறங்கினார். கையில் ஒரு காசும் இல்லாமல், நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டிகளில் தொடங்கி, 10,000 டாலர் சேர்ப்பது இலக்கு. அவர் வகுத்துக்கொண்ட விதிகள் இவை: ரொக்க மேசையில் கைமுதலின் 5 விழுக்காட்டுக்கு மேல் வைப்பதில்லை; பல மேசைப் போட்டிகளுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் கட்டுவதில்லை; மேசையில் உள்ள பணம் வளர்ந்து கைமுதலின் 10 விழுக்காட்டைத் தாண்டினால் எழுந்துவிடுவது. மிகச் சிறிய கட்டணங்களுக்கு மட்டும் விலக்கு. ஏறத்தாழ 16 மாதத்தில் இலக்கை எட்டினார். உலக வாகையர் ஒருவர் ஒரு டாலர் மேசைகளில் மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்திருந்ததுதான் இதில் பெரிய பாடம். கடைசி விதி குறிப்பாக நுட்பமானது. வெல்லும்போது எழுந்து போவது எவருக்கும் கசக்கும். ஆனால் ஒரே கையில் பாதிக் கைமுதல் போகும் நிலைமையை அந்த விதிதான் தடுக்கிறது.

டில்ட்

வெறுப்பிலோ ஆத்திரத்திலோ உத்தியைக் கைவிட்டு ஆடும் நிலைக்கு 'டில்ட்' என்று பெயர். இந்தச் சொல் பின்பால் எந்திரத்திலிருந்து வந்தது. எந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் 'டில்ட்' விளக்கு எரியும். கைப்பிடிகள் வேலை செய்யாது. பந்து மட்டும் உருண்டு விழும். பொருத்தமான பெயர்தான்.

உளவியல் பயிற்சியாளர் ஜாரெட் டெண்ட்லர் 2011இல் வெளியிட்ட நூலில் டில்ட்டை ஏழு வகையாகப் பிரித்தார். தொடர் தோல்வியால் வருவது, அநீதி நடந்ததாக எண்ணுவதால் வருவது, தன் பிழையைத் தாங்க முடியாமல் வருவது, குறிப்பிட்ட ஒருவரைப் பழிவாங்கத் துடிப்பது எனக் காரணத்துக்குக் காரணம் மருந்தும் வேறாகிறது. 'எனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்' என்ற உரிமை உணர்வையும் அவர் தனி வகையாகக் கொண்டார். திறமைசாலிகளை அதிகம் வீழ்த்துவது இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

போக்கர் எழுத்தாளர் மைக் கேரோ சொன்ன 'துயர எல்லை' இன்னும் ஆழமானது. 500 இழந்தால் வருந்துவேன் என்று இருப்பவர் 1,500 இழந்துவிடுகிறார். அதற்கு மேல் வலிக்க மனத்தில் இடமில்லை. 2,000 போனாலும் அதே வலிதான். அந்தக் கணத்தில் ஒவ்வொரு முடிவும் பொருளற்றதாகத் தோன்றும். ஆனால் பணம் உண்மையாகவே போய்க்கொண்டிருக்கும். மூன்று பை-இன் போனால் அன்றைக்கு எழுந்துவிடுவது என்று முன்னதாகவே எல்லை வகுப்பது இதனால்தான். எல்லையைக் காலையில் தெளிந்த மனத்தோடு வகுக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்தபடி வகுத்தால் நிற்காது.

உத்தியோடு உள்ள தொடர்பு

ஓர் எடுத்துக்காட்டு: 'பாட்'டில் 100 இருக்கிறது. எதிராளி 50 வைக்கிறார். நாம் 50 கட்டினால் மொத்தம் 200. ஆகவே நான்கில் ஒரு முறைக்கு மேல் வென்றால்தான் கட்டுவது தகும். பொதுச் சீட்டில் மூன்று விழுந்த நிலையில் ஒரே இனத்தில் நான்கு சீட்டு வைத்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பவருக்கு, அடுத்த ஒரே சீட்டில் அது வரும் வாய்ப்பு 19 விழுக்காடு. மீதி இரண்டையும் பார்க்க முடிந்தால் 35. இந்தக் கணக்கைப் பள்ளி மாணவர்கூடக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வாடகைப் பணத்தை மேசையில் வைத்திருப்பவர் கட்ட வேண்டிய இடத்தில் பயந்து சீட்டைக் கவிழ்ப்பார். இழந்ததை மீட்கத் துடிப்பவர் கவிழ்க்க வேண்டிய இடத்தில் கட்டுவார். இருவருக்கும் கணக்கு தெரியும். அதைச் செயல்படுத்தும் நிதானத்தைக் கொடுப்பது கைமுதல்.

ஸ்டூ உங்கர்

இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய இயல்புத் திறமையாளராகப் பலர் கருதுவது நியூயார்க்கில் 1953இல் பிறந்த ஸ்டூ உங்கரை. ஜின் ரம்மியில் அவரோடு ஆட ஆள் கிடைக்காமல் போனதால் போக்கருக்கு வந்தார். 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் முதன்மைப் போட்டியை அடுத்தடுத்து வென்றார். ஜெயித்த பணம் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போதைப்பொருளிலும் போயிற்று. 1997இல் நுழைவுக் கட்டணமான 10,000 டாலர்கூட அவரிடம் இல்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர் கட்டினார். உங்கர் மூன்றாம் முறையாக வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகஸ் விடுதி அறை ஒன்றில் இறந்து கிடந்தார், வயது 45. இறுதிச் சடங்குக்கு நண்பர்கள் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

பாதுகாப்பும் சட்டமும்

கைமுதலை ஒரே இடத்தில் வைப்பதும் ஆபத்து. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களை முடக்கியபோது, ஃபுல் டில்ட் தளத்தில் இருந்த ஆட்டக்காரர்களின் பணம் சிக்கிக்கொண்டது. அமெரிக்கர்களுக்கு அது திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2014இல்தான். ஃபெர்குசன் பரிசோதனை செய்து காட்டியதும் அதே தளத்தில்தான்.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. கோவாவின் சூதாட்ட விடுதிகளில் நேரடி மேசைகள் உண்டு. சென்னையிலிருந்து அங்கே போய் ஆடுபவர் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ரேக்கோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்; நூறு கைக்கு 5 பெரிய பிளைண்ட் என்ற வருமானம் அந்தச் செலவுகளிலேயே கரைந்துபோகலாம்.