கையுறைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

மொட்டைமாடியில் நாலு தொட்டி, பின்கட்டில் ரெண்டு வாழை, ஒரு எலுமிச்சை என்று ஓய்வுக்காலத்தில் தோட்டம் போட ஆரம்பித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். கொஞ்ச நாளில் ஒரு கேள்வி வரும்: கையுறைக்கு எவ்வளவு போடலாம்? எங்கள் பகுதிக் கடைகளில் நூல் கையுறை ரூ.40-க்குக் கிடைக்கிறது, தோல் கையுறைக்கு ரூ.300-க்கு மேல் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

விலைக்கு வருமுன் கொஞ்சம் பழைய கதை. நம் தாமிரபரணிக் கரையில் உழைக்கிற கைக்கு யார், எப்போது, என்ன செலவழித்தார்கள் என்று பார்த்தால் விடையில் பாதி கிடைத்துவிடும்.

தண்ணீருக்கு இந்த ஊர் தாராளமாகவே செலவழித்திருக்கிறது. கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழு அணைக்கட்டுகள். எட்டாவதாக 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. மாட்டுக்கு லாடம் அடித்தோம். மண்வெட்டிக்கு நல்ல காம்பு தேடிப் போட்டோம். கைக்கு? கார், பிசானம் என்று இரண்டு பூவிலும் இடுப்பு வளைத்து நாற்று நட்ட பெண்களுக்கு, நாள் முழுக்கச் சேற்றில் ஊறி விரலிடுக்கு புண்ணாகும். மருதாணியோ, மஞ்சளும் வேப்பெண்ணெயுமோ பூசிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்குவார்கள். நெல் தோகை கையைக் கீறும். வாழைக்கறை நாள்கணக்கில் போகாது. வைத்தியம் அவரவர் வீட்டுச் செலவு.

'கையுறை' என்ற சொல் மட்டும் பழையது. ஆனால் சங்கப் பாட்டில் அதற்கு வேறு பொருள். தலைவன் தலைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தழை, பூ முதலான காணிக்கைக்குத்தான் அங்கே கையுறை என்று பெயர். கையில் மாட்டும் உறை என்ற பொருள் பிற்காலத்தது. அந்தப் பொருள் நம்மிடம் இல்லாதபோது அதற்குப் பேரும் தேவைப்பட்டிருக்காது.

ஆற்றின் தென்பக்கம் திருச்செந்தூர், உடன்குடித் தேரிக்காட்டுப் பனையேறியைப் பாருங்கள். காலுக்குத் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி. சிலர் நெஞ்சிலும் தோல் கட்டிக்கொள்வார்கள். நம் பக்கத்தில் உடம்பைக் காக்கும் சாமான் இவ்வளவு வைத்திருந்த தொழிலாளி வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. எல்லாம் அவர் காசில், அவர் கையால் செய்துகொண்டது. அப்படியும் உள்ளங்கை வெறும் கைதான். பனைமட்டையின் கருக்கு வாள்பல் மாதிரி இருக்கும். பதநீர்க் காலத்தில் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். அந்தக் கையில் காய்த்த தோலே அவருக்கு உறை.

இன்று நாம் காணும் ரப்பர் கையுறை வந்த கதையும் ஒரு தொழிலாளியின் கையில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1889-90 வாக்கில் கரோலின் ஹாம்டன் என்ற நர்ஸுக்குக் கிருமி கொல்லும் பாதரசக் கரைசலில் கை வெந்து புண்ணானது. வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி மெல்லிய கையுறை செய்து வாங்கிக் கொடுத்தார். பிறகு அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். நோயாளிக்குக் கிருமி தொற்றாமல் இருக்க என்ற எண்ணம் பின்னால் வந்தது. முதலில் நினைத்தது, வேலை செய்கிறவள் கையை.

நம் பக்கம் அப்படி யாரும் நினைக்க நாளானது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலையில் பாம்பே பர்மா கம்பெனி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் போட்டது. கொழுந்து கிள்ளுகிற விரல் நுனி கறுத்து வெடிக்கும். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடை, கம்பளி, மழைக்கோட்டு இவற்றைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டது. மழையும் குளிரும் அதன் கண்ணில் பட்டன. விரல் அந்தப் பட்டியலில் இல்லை. கூலி கேட்டு வந்த ஊர்வலத்தில், 1999 ஜூலை 23 அன்று, 17 பேர் தாமிரபரணியில் உயிர்விட்டதை நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்கே அந்த நிலைமை என்றால் கையுறையை யார் கேட்பது?

சட்டம் கையைப் பார்த்தது விஷத்தால்தான். பாலிடால் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். 1958-ல், கோதுமை மாவோடு ஒரே கப்பலில் வந்த பாலிடால் கசிந்து மாவில் கலந்து, கேரளத்தில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். பத்து வருஷம் கழித்து 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971-ல் அதன் விதிகள். மருந்தைக் கையாளுகிறவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும், அதில் முன்கையின் பாதி வரை வரும் ரப்பர் கையுறையும் இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. காரணம், பாலிடால் வாய் வழியாக மட்டும் அல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். விதி வந்த பிறகும் நம் வயல்களில் மருந்து கலக்கியது வெறும் கையால்தான். வாளியில் கையை விட்டுக் கலக்கியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி விலை. கையுறையின் தரத்தை முடிவு செய்ய வேண்டியது வேலைதான். தொட்டி மண் கிளற, களை பிடுங்க, உள்ளங்கையில் ரப்பர் பூசிய நூல் கையுறை போதும், ரூ.100 பக்கம் வரும். ரோஜா, எலுமிச்சை, காகிதப்பூ கவாத்து செய்ய வேண்டுமானால் தோல் கையுறைக்குக் கொடுக்கும் ரூ.300 வீண் இல்லை. நம்மில் சர்க்கரை உள்ளவர்கள் அதிகம். ஒரு முள் குத்திச் சீழ் வைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியும். மருந்தடிக்க மட்டும் நூலும் தோலும் ஆகவே ஆகாது. அவை மருந்தை உறிஞ்சி, தோலோடு ஒட்டி வைத்திருக்கும். வெறும் கையென்றால் உடனே கழுவியாவது விடலாம். அதற்கு முன்கை வரை வரும் ரப்பர் அல்லது நைட்ரில் கையுறைதான். ரூ.200-க்குள் கிடைக்கும். கழற்றுமுன் உறையோடு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஓட்டை விழுந்தால் தூக்கிப்போட வேண்டும்.

இன்னொரு செலவை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எங்கள் தெருவில் மாதம் ஒரு தடவை தென்னைக்கும் வாழைக்கும் மருந்தடிக்க ஒருவர் வருவார். உறை போட்டுக்கொள்ளச் சொன்னால், "அதப் போட்டா வேலை ஓடாதுல்லா அண்ணாச்சி" என்பார். அவர் சொல்வதில் பாதி நிஜம்: சின்ன அளவு உறை பெரிய கையில் இறுக்கும், விரல் வளையாது. அவர் கையை வைத்துப் பார்த்துப் பெரிய அளவாக ஒன்று வாங்கி, தெளிப்பான் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்தேன். இப்போது போட்டுக்கொள்கிறார். மருந்து வாங்குகிற பில்லிலேயே அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு வாங்குவது அதற்கப்புறம்தான்.

எனவே, எவ்வளவு போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: முதலில், அதிக ஆபத்தான வேலையைச் செய்கிற கைக்கு நல்லதாக ஒன்று. மிச்சத்தில் நமக்கு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ரூ.300-க்குள் முடிந்துவிடும். உங்கள் வீட்டுக்கு மருந்தடிக்க வருகிறவர் கையில் என்ன மாட்டியிருக்கிறார் என்று அடுத்த தடவை பாருங்கள்.