மறைந்துபோனார்களா? – வால்நட் பள்ளத்தாக்குச் சுற்றுப்பாதையின் வரலாறு



வரலாற்றுப் பாடத்தில் நாம் எளிதாக எழுதிவிடும் ஒரு தொடர் உண்டு: "அம்மக்கள் பின்னாளில் மறைந்துபோயினர்." மாணவர்கள் அதை ஏட்டில் குறித்துக்கொள்வர், பாடமும் முடிந்துவிடும். இந்தச் சிறு தொடர் எத்தனை பெரிய இழப்புக்குத் துணைபோகக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஒரு நடைபாதை சான்றாக இருக்கிறது. அப்பாதையின் வரலாற்றை இன்று எழுத விழைகிறேன்.

ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் மலைநகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் வால்நட் பள்ளத்தாக்கு உள்ளது. கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் தொலைவைவிடச் சற்றே கூடுதல். பள்ளத்தாக்கின் விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பிரிஞ்சாங் மலையுச்சியின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து அடித்தளம் நூறு மீட்டருக்கும் மேலான ஆழத்தில் உள்ளது. அங்கே ஓடிய சிற்றாறு ஒரு பாறைத்திட்டைச் சுற்றி வளைந்து சென்றதால், அத்திட்டு மூன்று பக்கமும் பள்ளம் சூழ்ந்து தீவு போல் நிற்கிறது. அத்திட்டைச் சுற்றிவரும் பாதைக்குத் 'தீவுப் பாதை' என்றே பெயர். மொத்த நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவே. ஆனால் 56 மீட்டர் படியிறங்கிச் சென்று, சுற்றி வந்து, அதே படிகளில் ஏறிவர வேண்டும். இறங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டு செல்பவர்கள் ஏறும்போது பேசமாட்டார்கள்!

இப்பாதையில் நடப்பவர் 25 அறைகளைக் கடந்து செல்கிறார். பள்ளத்தாக்கின் மேற்பகுதி சுண்ணாம்புக்கல்லால் ஆனது. அதில் கெட்டியான அடுக்கும் மெத்தென்ற அடுக்கும் மாறிமாறி அமைந்துள்ளன. மென்மையான அடுக்கு காலப்போக்கில் அரித்துப்போக, கெட்டியான அடுக்கு கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கூரையும் பின்சுவரும் இயற்கையே தந்துவிட்டபின் மனிதன் கட்ட வேண்டியவை முன்சுவரும் பக்கச்சுவர்களும்தாம். அங்கு வாழ்ந்தோர் அருகில் கிடந்த கற்களைக் களிமண் சாந்தால் இணைத்து அவற்றைக் கட்டினர். குனிந்து நுழையுமளவு வாயில்; அதற்கு மேலே புகை வெளியேற ஒரு சிறு துளை. அறைகளின் மேற்பாறையில் அடுப்புக்கரி இன்றும் படிந்திருக்கிறது. சாந்தைப் பூசியவர்களின் விரல் தடங்களும் சில சுவர்களில் அப்படியே காய்ந்து நிற்கின்றன.

ஒரே திட்டைச் சுற்றும்போது இருவேறு நிலங்களைக் காணலாம் என்பது இப்பாதையின் மற்றொரு சிறப்பு. வெயில் படும் சரிவில் கள்ளியும் யுக்காவும் வளர்கின்றன. சில நிமிடங்கள் நடந்து நிழற்பக்கம் திரும்பினால் குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. உணவுக்கும் நாருக்கும் மருந்துக்கும் விறகுக்கும் வேண்டியவற்றை இவ்விரு சரிவுகளிலும் அம்மக்கள் தேடிக்கொண்டனர். மேல்விளிம்பின் சமநிலத்தில் மக்காச்சோளம், அவரை, பூசணி பயிரிட்டனர். மழைநீர் வீணாக ஓடிவிடாமல் சிறுசிறு கல்வரப்புகளையும் அமைத்தனர். வீடு கீழே, வயல் மேலே. நாம் ஒருமுறை ஏறி மூச்சிரைக்கும் சரிவு அவர்களுக்கு அன்றாட வழி!

இங்கு மக்கள் செழித்து வாழ்ந்தது கி.பி. 1100 முதல் 1250 வரை. அதற்குச் சற்று முன்னர், ஏறத்தாழ 1085ஆம் ஆண்டளவில், வடக்கே இருந்த எரிமலை ஒன்று வெடித்தது. அந்தச் சாம்பல் மெல்லிய படலமாகப் படிந்த நிலங்களில் ஈரம் தங்கி வேளாண்மைக்கு உதவியது என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

இவ்வளவு திட்டமாக ஆண்டுகளைச் சொல்ல முடிவது எப்படி? அதற்கான வழியும் இதே ஃபிளாக்ஸ்டாஃபில்தான் தொடங்கியது. அந்நகரின் லோவெல் வானாய்வகத்தில் பணியாற்ற வந்த ஆண்ட்ரூ டக்ளஸ் என்னும் வானியலாளர், சூரியனின் மாற்றங்கள் மரங்களின் ஆண்டு வளையங்களில் பதிந்திருக்குமா என்று ஆராயப் புகுந்தார். ஈரமான ஆண்டில் அகன்ற வளையம், வறண்ட ஆண்டில் குறுகிய வளையம். இந்த வரிசையை உயிருள்ள மரத்திலிருந்து பழைய உத்தரங்களுக்கும், அவற்றிலிருந்து இன்னும் பழைய உத்தரங்களுக்கும் பொருத்திக்கொண்டே பின்னோக்கிச் சென்றார். 1929ஆம் ஆண்டில் கிடைத்த ஒரு கரிந்த மரத்துண்டு இடையில் விடுபட்டிருந்த இணைப்பைத் தந்தது. அதன் பிறகே தென்மேற்கு அமெரிக்காவின் பழங்குடியிருப்புகளுக்கு உறுதியான ஆண்டுக் கணக்கு பிறந்தது. சூரியனைத் தேடப் போனவர் மனித வரலாற்றின் நாட்காட்டியைக் கண்டெடுத்தார்!

1250ஐ ஒட்டி மக்கள் வால்நட் பள்ளத்தாக்கை விட்டு நீங்கினர். மண் சத்திழந்தது, மழை பொய்த்தது, பூசல் மூண்டது எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அப்பகுதியின் புகழ்பெற்ற பெருவறட்சி 1276 முதல் 1299 வரை நீடித்தது. அதாவது இவர்கள் நீங்கிய பின்னர்! ஆகவே, 'வறட்சியால் ஓடிவிட்டனர்' என்று ஒரே வரியில் முடிப்பது என் கருத்தில் பொருந்தாது.

அவர்கள் நீங்கிய பின்னர் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வீடுகள் பெரும்பாலும் நிலைத்து நின்றன. 1882ஆம் ஆண்டில் இருப்புப்பாதை ஃபிளாக்ஸ்டாஃபை எட்டியது. அதன்பின் வண்டி கட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு உல்லாசப் பயணம் போவது வழக்கமாயிற்று. போனவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. பானைகள் போயின, கருவிகள் போயின, புதைகுழிகளும் தோண்டப்பட்டன. அறைக்குள் இருட்டாக இருக்கிறது, தேடுவதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகச் சுவர்களை வெடிவைத்துத் தகர்த்தவர்களும் உண்டு. காற்றாலும் மழையாலும் நூற்றாண்டுகளாக ஆகாத அழிவு சில பத்தாண்டுகளில் நேர்ந்தது.

இவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் எண்ணவில்லை. குடும்பத்தோடு வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையை இன்பமாகக் கழித்தவர்கள். ஆனால் இவ்வீடுகளைக் கட்டியோர் மறைந்தொழிந்த மக்கள் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவியிருந்தது. உரியவர் இல்லாத பொருளை எடுத்துக்கொள்வதில் குற்றம் என்ன என்று மனம் அமைதி கொள்ள, அந்த ஓர் எண்ணமே போதுமானது. போன பொருளைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. ஒரு பானை எந்த அறையில், எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதே ஆய்வாளருக்குச் செய்தி. அங்கிருந்து எடுத்துவிட்டால் அது அலமாரிக்கு அழகு சேர்க்கும், வரலாறு சொல்லாது.

உள்ளூர் மக்களிற் சிலரே இதைத் தடுக்கக் குரல் எழுப்பினர். 1906ஆம் ஆண்டில் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் 1915 நவம்பர் 30ஆம் நாள் அதிபர் உட்ரோ வில்சன் இப்பள்ளத்தாக்கைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். இன்று நாம் நடக்கும் படிப்பாதை 1930களின் பிற்பகுதிக்குரியது. பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட இயற்கைவளப் பாதுகாப்புப் படையினர் இதனை உருவாக்கினர். அவர்களுக்கு மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே பெற்றோருக்குச் சென்றுவிடும்.

இம்மக்களைக் குறிக்கப் பாடநூல்கள் வழங்கும் பெயர் 'சினாகுவா'. அது அவர்கள் சூட்டிக்கொண்ட பெயரன்று. அப்பகுதி மலைகளை ஸ்பானியர் 'நீரில்லாத மலைத்தொடர்' என்று அழைத்தனர். ஆய்வாளர் ஹெரால்ட் கோல்டன் அப்பெயரின் இறுதிச் சொற்களை எடுத்து 20ஆம் நூற்றாண்டில் இம்மக்களுக்கு இட்டார். மழைநீரின் ஒவ்வொரு துளியையும் வரப்புகட்டித் தேக்கியவர்களுக்கு 'நீரற்றவர்' என்று பெயர்!

அவர்கள் எங்கே போயினர்? ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வடகிழக்கே ஹோபி மக்களின் ஊர்கள் இன்றும் உள்ளன. அவற்றுள் ஓரைபி என்னும் ஊரில் 12ஆம் நூற்றாண்டளவிலிருந்தே மக்கள் இடைவிடாது வாழ்ந்து வருகின்றனர். வால்நட் பள்ளத்தாக்கில் வாழ்ந்தோரைத் தங்கள் மூதாதையர் என்றே ஹோபி மக்கள் கொள்கின்றனர். 'ஹிசாட்சினோம்', அதாவது நெடுங்காலத்திற்கு முன் வாழ்ந்தோர் என்பது அவர்கள் வழங்கும் பெயர். அவர்தம் மரபுப்படி குலங்கள் ஓரிடத்தில் தங்கி, பிறகு புறப்பட்டு, மீண்டும் தங்கி, இறுதியில் இன்றைய ஊர்களை அடைந்தன. விட்டுவந்த வீடுகளும் பானை ஓடுகளும் பாறைக் குறிகளும் அப்பயணத்தில் முன்னோர் வேண்டுமென்றே விட்டுச்சென்ற காலடித் தடங்கள் என்பர். மறைந்துபோயினர் என்று மற்றவர் எழுதிவைத்தபோது, பேரப்பிள்ளைகள் சில நாள் வண்டிப் பயணத் தொலைவில் அதே மக்காச்சோளத்தை விதைத்துக்கொண்டிருந்தனர்.

1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அருங்காட்சியகங்களில் உள்ள முன்னோரின் எலும்புகளையும் புதைகுழிப் பொருள்களையும் உரிய வழித்தோன்றல்களிடம் திருப்பித்தர வகைசெய்தது. எனவே 'இவர்களின் வழிவந்தோர் யார்?' என்னும் கேள்வி தேர்வுத்தாளோடு நிற்பதன்று. எலும்புகள் யாரிடம் செல்லவேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

விடுமுறையில் அமெரிக்கா செல்லும் பெற்றோர் சிலர் கிராண்ட் கேன்யனைக் காண ஃபிளாக்ஸ்டாஃப் வழியாகச் செல்வதுண்டு. அரைநாள் ஒதுக்கினால் இப்பாதையையும் நடந்துவிடலாம். காலையிலேயே செல்லுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், உயரத்தின் காரணமாக மூச்சு வாங்கும், ஆதலால் முதியோர் மேல்விளிம்புப் பாதையோடு நின்றுகொள்வது நல்லது. பாதையோரம் பானை ஓடு ஏதேனும் கண்ணில் பட்டால், பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், கையில் எடுக்க வேண்டாம். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கிருந்து தொல்பொருள்களை எடுத்துச்செல்வது தண்டனைக்குரிய குற்றம்.