கருவி சொல்வதா, ஆள் சொல்வதா?

1986-ல் அமெரிக்காவின் செரிட்டோஸ் நகர் மேலே இரு விமானங்கள் மோதி 82 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே அங்கே 'டீகாஸ்' என்ற மோதல் தடுப்புக் கருவியைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் அது, தரைக்கு அருகில் பறக்கும்போது, வீணாகவும் கத்தித் தொலைத்தது. 'புலி வருது' கதைதான்! 1993-ல் மென்பொருளைத் திருத்தினார்கள்.

ஆனால், கருவி 'ஏறு' என்று சொல்லும்போது, தரைக் கட்டுப்பாட்டாளர் 'இறங்கு' என்றால்? 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே ரஷ்ய விமானிகள் ஆள் சொன்னபடி இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் மாண்டார்கள். பலர் பள்ளிப் பிள்ளைகள்.

இரு கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்று ஏற, மற்றது இறங்க முடிவு செய்கின்றன. ஒருவர் மீறினால் கணக்கே தப்பு. அதனால்தான் இன்றைய விதி: கருவி சொல்வதையே கேள். நண்பர்களே, பொய் எச்சரிக்கையை நம்பினால் சில நூறு அடி உயரம்தான் மாறும். மெய்யை நம்பாவிட்டால்?